ஏழாம் எண் லோடு

வியாழக்கிழமை என் வீட்டில் ஒரு சாவு விழப்போகிறது என்பது எனக்குத் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கே தெரிந்துவிட்டது. சொன்னது ஜோசியக்காரன் இல்லை. எங்கள் ஊருக்குக் கரண்ட் பங்கிடுகிற மென்பொருள்.

சிப்பிமுனையை நீங்கள் வரைபடத்தில் தேட வேண்டாம். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்குள் விரலை நீட்டினாற்போல் கிடக்கிற ஒரு மணல்திட்டு. நூற்றுப் பன்னிரண்டு வீடு, பதினாலு போட், ஒரு ஐஸ் பிளான்ட், ஒரு கோயில். பெரிய புயலில் மின்கம்பங்கள் விழுந்தபோது, அவற்றை மறுபடி நடுகிற செலவுக்கு இத்தனை வீடு காணாது என்று மேலே யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். அதனால் ஊருக்கென்று தனி மின்சாரம். கோயில் கூரையிலும் பள்ளிக்கூடக் கூரையிலும் சோலார், முனையில் ஒரு காற்றாலை, லாரி அளவுக்கு ஒரு பேட்டரி, எல்லாம் காலை வாரினால் ஒரு டீசல் ஜெனரேட்டர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தால் செலவு மிகக் குறைவாக முடியும் என்று திட்டம் போடுவது அந்த மென்பொருளின் வேலை. ஊரில் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பேர். கணக்குப்பிள்ளைக்குக் காவல் இருப்பது என் வேலை. என் பேர் ரெக்சலின். மின் சங்கத்தின் செயலாளர், ஆபரேட்டர், கரண்ட் போனால் ஏச்சு வாங்குகிறவள், எல்லாம் நானேதான்.

திங்கள்தோறும் காலையில் அந்த வாரத்துத் திட்டம் திரையில் வரும். வீட்டுக்கு ஒரு கோடு. மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து, கோட்டை வைத்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். காலையில் ஒரு சின்ன முள் எழுந்தால் மிக்சி. விட்டுவிட்டு ஏறி இறங்கினால் ஃபிரிட்ஜ். பகல் முழுக்கத் தரையோடு கிடந்தால் வீட்டில் ஆளில்லை. ராத்திரி பகல் என்றில்லாமல் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகிற கோடுகள் ஊரிலேயே ஐந்துதான். அதில் நாலு ஆக்சிஜன் மிஷின். ஐந்தாவது சங்கத் தலைவர் வியாகுலம் அண்ணாச்சி வீடு. பின்கட்டில் இறால் குஞ்சுத் தொட்டி வைத்திருக்கிறார், அதற்குக் காற்று விடுகிற மோட்டார் என்று சொல்லியிருந்தார்.

நாலு மிஷினில் ஒன்று என் வீட்டில், ஒன்பதாம் நம்பரில் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் கஸ்பார் பதினெட்டு வருஷம் ரப்பர் குழாயில் வருகிற கம்ப்ரஸர் காற்றைச் சுவாசித்துக் கடலடியில் சங்கு பொறுக்கியவர். நாற்பத்தேழு வயதில் இப்போது குழாய் மூக்குக்கு வந்திருக்கிறது. மிஷின் நின்றால் அதன் உள்பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும். அதற்கப்புறம் அவர் உதடு நீலமாகும். அதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க என் நெஞ்சில் தெம்பில்லை.

அந்தத் திங்கட்கிழமை திரையில், வியாழன் விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக் கோடு தரையைத் தொட்டது. ஆறரை வரை எழவில்லை. இரண்டரை மணி நேரம். ஏழு மணிக்கு மறுபடி எழுந்தது, ஆனால் நேர்கோடாக இல்லை. செங்குத்தாக ஏறி, ரம்பப் பல்லுபோல் இறங்கி ஏறி, நாற்பது மணி நேரம் ஓடி, பிறகு ஒன்றுமே இல்லை.

அந்த ரம்பப் பல்லை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அது ஐஸ் பெட்டி.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன போட்டெல்லாம் கரை சேராமல் யாரையும் அடக்கம் செய்வதில்லை. மகனோ தம்பியோ வந்து முகம் பார்க்க வேண்டும். இரண்டு நாளானாலும் காத்திருப்பார்கள். அதற்காகவே சங்கத்தில் ஒரு குளிர்பெட்டி வாங்கிக் கோயில் பக்கத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். கண்ணாடி மூடி, கூடவே வாசலில் கட்ட இரண்டு ட்யூப் லைட். கணக்குப்பிள்ளையின் பட்டியலில் அதற்கு எண் ஏழு.

முதலில் மனசு நம்பவில்லை. பிறகு இரண்டு வாரம் முந்தி இருபத்திரண்டாம் நம்பரில் செசிலி அக்கா இறந்தது நினைவுக்கு வந்தது. அந்த வாரத்துத் திங்கட்கிழமையே இதே ரம்பம் அந்த வீட்டில் தெரிந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். ஞாயிறு விடியலில் ஐம்பது நிமிஷம் வெட்டு. அக்காவின் மிஷின் பேட்டரி பழசு. துக்க வீட்டுக்குப் போய், பெட்டி சரியாகக் குளிர்கிறதா என்று நானே மீட்டர் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குப் புத்தியில்லாமல் போனது.

பரீட்சைத் திட்டம் என்ற பக்கத்தைத் திறந்தேன். ஒன்பதாம் நம்பருக்கு நேரே இருந்த எண்ணை மாற்றி ஐயாயிரம் என்று போட்டேன். கணக்குப்பிள்ளை இரண்டு நிமிஷம் யோசித்தது. எங்கள் வீட்டுக் கோடு மறுபடி நேரானது. ரம்பம் முப்பத்தொன்றாம் நம்பருக்குப் போய்விட்டது.

முப்பத்தொன்று என் அண்ணன் லாசர் வீடு.

சேமி என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை நான் அழுத்தினேன். அழுத்தவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 'மாற்றம் அடுத்த திங்கள் முதல் அமலுக்கு வரும்' என்று பதில் வந்தது. அப்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. உடனே சென்னைக்குப் போன் போட்டேன்.

சென்னையில் இதைப் பராமரிக்கிற பெண் சுபாஷினி. நல்ல பிள்ளை, எப்போது கூப்பிட்டாலும் எடுக்கும்.

"அது சாவையெல்லாம் கணிக்காது மேடம். லோடைத்தான் கணிக்கும்" என்றாள்.

"லோடைத்தான் கேக்கேன். ஏழாம் நம்பர் லோடு வியாழக்கிழம எங்க வீட்டுக்கு ஏன் வருது?"

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "காலைல நாலுலேர்ந்து ஆறரை வரைக்கும் உங்க வீட்டை ஆஃப் பண்ணுது. அதனால வருது."

"அதனாலயா?"

"தான் போடுற திட்டத்தால என்ன ஆகும்ங்கிறதையும் சேர்த்துத்தான் அது பார்க்கும். மூணு வருஷ டேட்டாவுல கத்துக்கிட்டது. நாள் முழுக்க லோடு ஓடுற ஒரு வீட்டை ரொம்ப நேரம் ஆஃப் பண்ணா, திரும்ப ஆன் பண்றப்போ அந்த லோடு இருக்கிறதில்ல. ஏழாம் நம்பர் வருது. நாப்பது மணி நேரம். அப்புறம் அதுவும் இருக்காது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குச் செலவே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தான் சொல்லிக்கொண்டிருப்பது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

"அப்ப இது கணிப்பு இல்லம்மா, திட்டம்" என்றேன்.

அவள் மறுபடி எதையோ தட்டிப் பார்த்தாள். நானே தொடர்ந்து கேட்டேன்.

"இன்னும் மூணு வீட்டுல அதே மிஷின் ஓடுது. அங்கயும் அதே ரெண்டரை மணி நேரம் வெட்டுதானே? அங்க ஏன் பெட்டி காட்டல?"

"ஒரே சமயத்துல ரெண்டு ஏழாம் நம்பரை அது பார்த்ததே இல்ல மேடம். அதனால ஒண்ணுக்கு மேல போடாது."

ஊரில் பெட்டி ஒன்றுதான். அது கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பிணம் எத்தனை விழும் என்பது அதற்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை.

அப்புறம் அவள் நிலைமையைச் சொன்னாள். வெள்ளி மத்தியானம் வரைக்கும் மேகம் விலகாது. காற்று மிஞ்சிப் போனதால் காற்றாலையைப் பூட்டிவிட்டோம். பாலத்தை வெள்ளம் அரித்துவிட்டது, டீசல் லாரி வராது, இருப்பதை வாரம் முழுக்க இழுக்க வேண்டும். வியாழன் விடியலில் பேட்டரி அடிமட்டத்துக்கு வரும். அப்போது ஊரில் மூன்றுக்குத்தான் கரண்ட்: ஐஸ் பிளான்ட், குடிநீர் மோட்டார், ஒருவேளை எங்காவது பெட்டி இருந்தால் பெட்டி.

"ஏம்மா, ஆள விட ஐஸ் ஒசத்தின்னு யாரு சொன்னா அதுக்கு?"

"நாங்க சொல்லல மேடம்" என்றாள் மெதுவாக. "உங்க ஊர்ல குடுத்த நஷ்ட அட்டவணைதான். அதுல பூஜ்யம் இருக்கிற வீடு முதல்ல போகும்."

அந்த அட்டவணையை எழுதியவள் நான்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரே கேள்விதான். ஒரு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? ஐஸ் பிளான்ட் மேனேஜர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நாலாயிரம் என்றார். வலை பின்னுகிற கடை முந்நூறு. மற்ற வீடுகளில் நேற்றைய மீன்குழம்பு கெட்டுப்போகும் என்று இருநூறு. ஒரு அம்மாள் ராத்திரி சீரியலுக்கு ஐம்பது சேர்த்துப் போடச் சொன்னாள், அதையும் போட்டேன்.

நோயாளி இருக்கிற வீடுகளில் மட்டும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில். "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. சமாளிச்சுக்கிடுவோம்." எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். பசியோடு வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆயிற்று என்பான். தன் கஷ்டத்துக்கு வாயால் விலை சொல்வது அசிங்கம். செசிலி அக்கா, "ஓலை விசிறி இருக்கு, வீசிக்கிடுதேன்" என்றாள். லாசர் அண்ணன், "கடலுக்கடியில மூச்ச அடக்கினவனுக்கு இது ஒரு விசயமாட்டீ?" என்று சிரித்தான். வியாகுலம் அண்ணாச்சி வீட்டில் அப்போது நோயாளி யாருமில்லை, ஆனாலும் அவரும் அதே ஒண்ணுமில்லைதான். என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போனார். "நீ ஆபரேட்டரு. நம்ம வீட்டுக்கு ஒரு தொகை போட்டா ஊரு என்ன பேசும்? பூஜ்யம்னு போடு." போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டோம். ஐஸ் பெட்டிக்கு எவ்வளவு என்று கேட்டபோது அத்தனை கையும் உயர்ந்தது. துக்க வீட்டில் ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகக் கூடாது, என்ன தொகை வேண்டுமானாலும் போடு என்றார்கள். பத்து லட்சம் என்று அடித்தேன். மூச்சு விடுகிறவர்களுக்குப் பூஜ்யம், மூச்சு நின்றவர்களுக்குப் பத்து லட்சம். அதை எழுதிவிட்டு எல்லோரும் டீ குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை மழையில் வியாகுலம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். அறுபது வயது, நல்ல உயரம். அவருடைய இரண்டு மகன்களும் கடலில் இருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அவருடைய மனைவி கித்தேரி மைனி ஒரு துண்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவை லேசாகச் சாத்திக்கொண்டு போனாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சேமி பொத்தானை அழுத்தியது உட்படச் சொன்னேன்.

"மீட்டர... ஒடச்சுட்டா?" என்றார். கொஞ்சநாளாகவே அவர் பேச்சு துண்டுதுண்டாகத்தான் வரும். என்றைக்கோ விட்ட பீடியைக் குற்றம் சொல்வார்.

"சீல் வச்சிருக்கு அண்ணாச்சி. தொட்டா அந்த வரிசையே அணைஞ்சிரும்."

"ஐஸ் பிளான்டுல... கொண்டு போய் வச்சா?"

"அம்மோனியா வாடைக்கு நல்ல நெஞ்சே தாங்காது. மோட்டார் ரூமுல இடுப்பளவு தண்ணி. பாலம் இருந்தா ஆஸ்பத்திரிக்காவது போவலாம்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டத்தை வாரத்தின் நடுவில் மாற்ற ஊர்க் கூட்டத்தின் தீர்மானம் வேண்டும், அதைப் போட முடியாது என்பது இருவருக்கும் தெரியும். போட்டெல்லாம் கரையில் இருந்தால்தான் கூட்டம்.

"ஒரே ஒரு வழி இருக்கு அண்ணாச்சி. சொல்லவே நாக்கு கூசுது." எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "சாவு திங்கக்கிழம பாத்து வராதுன்னுதான், மாட்டுன ஒடனே செல்லுபடியாவுற மாதிரி பெட்டிக்கு மட்டும் விதிவிலக்கு வச்சோம். அது எந்த வீட்டுல ஓடுதோ அந்த வீட்ட கணக்குப்பிள்ளை தொடாது. பெட்டிய எங்க வீட்டுல கொண்டு வந்து ஓட விட்டு, அந்த லைன்லயே மிஷின மாட்டிட்டா..."

"வெறும் பெட்டியா?"

"வெறும் பெட்டிதான். ஓடுனாப் போதும், உள்ள யாருன்னு அது பாக்காது. வெள்ளி மத்தியானம் வெயில் வரும்னு சென்னைப் பிள்ள சொல்லுது. அதுவரைக்கும் ஓடணும்."

அவர் திரும்பிச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். உள்ளே எங்கோ ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன்.

"அந்த லைன்... எவ்வளவு தாங்கும்?"

"ரெண்டாயிரம் வாட். ட்யூப் லைட்டோட சேத்துப் பெட்டிக்கு அறுநூறு. மிஷின் ஒண்ணுக்கு முன்னூத்தம்பது. ஒரு வாட் கூடுனாலும் ட்ரிப் ஆயிரும்."

அவர் விரலை மடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெருவிரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"நாலு மிஷின்" என்றார்.

"ஆளும் நாலுதான் அண்ணாச்சி. எங்க வீட்டுல ஒண்ணு, லாசர் அண்ணன், சூசை மாஸ்டர், திரேஸ் அக்கா."

பெருவிரலையும் மடக்கிக்கொண்டார். "அப்ப சரியாப் போச்சு" என்றார். சட்டைப்பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அவர் கை சில்லென்று இருந்தது. மழைக் குளிர் என்று அதையும் ஒதுக்கித் தள்ளினேன்.

புதன்கிழமை மாலை நாலு பெண்கள் சேர்ந்து பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாவு விழாத வீட்டுக்குள் ஐஸ் பெட்டி வருவதை யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். கஸ்பார் கட்டிலை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏளா, உனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா? நான் இன்னும் போவலட்டி."

"போவக் கூடாதுன்னுதான் கொண்டு வந்திருக்கேன். பேசாம உக்காருங்க."

கூடத்தின் நடுவில் பெட்டி. வாசலில் இரண்டு ட்யூப் லைட்டையும் கட்டினோம். சுவிட்சைப் போட்டதும் அது உறுமி எழுந்து குளிர ஆரம்பித்தது. சுற்றி நாலு நாற்காலி, நாலு மிஷின், நாலு குழாய். லாசர் அண்ணன் கண்ணாடி மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது நீளம் காணாது, காலு மடங்கும்" என்றான். சூசை மாஸ்டருக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. திரேஸ் அக்கா மட்டும் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. பெட்டியின் இரைச்சல் ஒவ்வொரு தடவை அடங்கும்போதும் என் உயிரும் அடங்கி, அது மறுபடி கிளம்பும்போதுதான் திரும்பி வந்தது.

லாசர் பக்கத்தில் போய்க் குந்தினேன். "அண்ணே, திங்கக்கிழம உன் பேர எழுதிட்டேன்" என்று ஆரம்பித்துப் பச்சைப் பொத்தான் கதையைச் சொல்லி முடித்தேன்.

அவன் குழாயைச் சரி செய்துகொண்டான். எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவனுக்கு மேலே படகில் கயிறு பிடிப்பது மச்சான்தான். கஸ்பாருக்குப் பதினெட்டு வருஷமும் இவன்தான் பிடித்தான், இவன் முங்கும்போது கஸ்பார் பிடிப்பார்.

"மச்சான் கையில கயிற ஏன் குடுக்காவ? தங்கச்சி தாலிய நெனச்சு விடமாட்டான்னுதானே. இப்ப கயிறு உன் கையில இருந்துச்சு, நீ அவர விடல. போட்டீ, போய்ப் படு."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுக்களைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வியாழன் நாலு மணிக்கு ஊர் அணைந்தது. ஐஸ் பிளான்ட் விளக்கும் எங்கள் வாசல் விளக்கும் தவிர எங்கும் வெளிச்சம் இல்லை. நாலு மிஷினும் நிற்கவில்லை. ஆறரைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் வந்தது. கஸ்பாரின் உதட்டைப் பார்த்தேன், நல்ல நிறமாகத்தான் இருந்தது. தோற்றுவிட்டாய் போ என்று கணக்குப்பிள்ளையிடம் வாய்விட்டே சொன்னேன்.

பத்து நிமிஷத்தில் கோயிலில் துக்க மணி அடித்தது.

மணி அடித்த கையோடு உபதேசியார் நனைந்துகொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார். கூடத்தில் பெட்டியையும் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களையும் பார்த்து அவருக்கு வாய் குழறியது.

"பெட்டி வேணும் ரெக்சலினு. வியாகுலம் அண்ணாச்சி எறந்துட்டாவ."

எப்படி என்று கேட்டேன்.

"அவுகளுக்கும் மிஷின் இருந்திருக்கு. கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தாவளாம். ஒரு வருசமா. தலைவர் வீட்டுக்குன்னு சலுகை கேக்கக் கூடாதுன்னு யாருட்டயும் சொல்லல. எறால் தொட்டியில மணலுதான் கெடக்கு."

ஐந்து நேர்கோடு. நான் நாலு என்று எண்ணினேன். அவர் என் கண்முன்னால் ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினார், அப்போதும் நான் நாலு என்றேன்.

வெட்டு இத்தோடு முடியவில்லை. அன்று மாலை இரண்டு மணி நேரம், வெள்ளி விடியலில் இன்னும் மூன்று மணி நேரம் திட்டத்தில் இருந்தது. பெட்டி இந்தக் கூடத்தை விட்டுப் போனால் அந்த விதிவிலக்கும் அதோடு போகும். நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. கஸ்பார் எழுந்தார். மெதுவாகக் குனிந்து தன் மிஷின் பிளக்கில் கையை வைத்தார்.

"அவுகளுக்குச் சேர வேண்டிய பெட்டி. குடுத்துரு" என்றார்.

"கைய எடுங்க தம்பி."

வாசலில் கித்தேரி மைனி நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அழுது முடித்த முகமா, இன்னும் தொடங்காத முகமா என்று தெரியவில்லை. உள்ளே வந்து நாலு மிஷினையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும். அவுக நேத்தே சொல்லிட்டுத்தான் படுத்தாவ. நாளைக்கு யாரும் பெட்டி கேட்டுப் போவக் கூடாதுன்னு."

"மைனி, பிள்ளைங்க கடல்ல இருக்குல்லா" என்றேன்.

"இருக்கு."

"ரெண்டு நாள் எப்படி..."

"ரெண்டு நாள் வைக்கல. பத்து மணிக்கு அடக்கம். சாமியாருட்ட சொல்லிட்டேன்." அப்போதுதான் குரல் உடைந்தது. "மூத்தவன் மொகம் பாக்காமலேயே போறாவ. ஒன்னுட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அஞ்சாவது நாக்காலி போட்டிருக்க மாட்டியாட்டீ?"

போட்டிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டாயிரம் வாட். ஐந்தாவது மிஷினுக்கு இடமில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊர் அறிந்து முதல்முறையாகப் போட்டெல்லாம் கடலில் இருக்கையில் ஒருவரைக் குழியில் இறக்கினோம். பெண்கள்தான் தூக்கினோம். மழை விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டேப்லெட்டைத் திறந்தேன். ஒன்பதாம் நம்பர் வீட்டில் ரம்பப் பல் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் எண் லோடு, கணித்தபடி, என்று எழுதியிருந்தது. அண்ணாச்சி வீட்டுக் கோடு தரையோடு கிடந்தது. அடியில் பச்சை எழுத்தில் ஒரு வரி: இந்த வாரச் செலவு, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கணக்குப்பிள்ளை தோற்கவில்லை. அதற்குத் தேவையான கோடு ஒன்று போய்விட்டது, எந்தக் கோடு என்பதில் அதற்குப் பிடிவாதம் கிடையாது.

மத்தியானம் மேகம் கிழிந்து வெயில் அடித்தது. கொஞ்சநேரத்தில் போட்டுகளும் வந்தன. அப்பா இறந்துவிட்டார் என்று மட்டும் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சியின் மூத்த மகன் ரொமால்ட் கரையில் குதித்து, நனைந்த உடுப்போடு ஓடிவந்தான். அவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் எந்த வாசலில் ட்யூப் லைட் எரிகிறதோ அந்த வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். பெரியவர்கள் சேர்ந்து பெட்டியை இங்கே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான்.

நேரே பெட்டியிடம் போய்க் குனிந்தான். கண்ணாடியில் படிந்திருந்த பனியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தான். மறுபடியும் துடைத்தான்.

"அத்த, அப்பா எங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குழாயோடு உட்கார்ந்திருந்த நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தான். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். என்னை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"வீடு வீடா வந்து கேட்டியளே அத்த" என்றான். "ஒரு மணி நேரம் கரண்ட் இல்லேன்னா என்ன நஷ்டம்னு. எங்கப்பா என்ன சொன்னாவ?"

"ஒண்ணுமில்லன்னாவ."

அவன் கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவில்லை. கூரையில் வெயில் ஏறி, பேட்டரி நிறைந்துகொண்டிருந்தது. இனி பெட்டி ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் போய் அந்த சுவிட்சை அணைக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.